எஸ்தாக்கி ஓய்வு பெற்ற பிறகு பிடித்த பந்துகள்

மரியாந்துறையில் பந்தாட்டம் பார்த்து வளர்ந்தவர்கள் இன்றைக்கும் சாயங்காலமானால் கோயில் மைதானத்துச் சுவரை ஒட்டியிருக்கும் டெலஸ்போரின் டீக்கடையில் கூடுகிறார்கள். கடலுக்குப் போய்வந்தவர்கள் தலையில் ஈரம் காயாமலும் போகாதவர்கள் போகாததற்கு ஒரு காரணத்தோடும் வந்து உட்கார்ந்து, மீன் விலை பேசி, டீசல் விலை பேசி, வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் போன் செய்ததையும் செய்யாததையும் பேசி முடித்த பிறகு, யாரும் ஆரம்பித்து வைக்காமலே பேச்சு எஸ்தாக்கியிடம் போய்ச் சேருகிறது. இருபது வருசத்துக்குக் கிட்ட அந்த ஊர்க் கால்பந்து அணிக்குக் கோல் காக்கும் கோலியாக நின்றவர் எஸ்தாக்கி. வெயிலிலும் நின்றார், மழையிலும் நின்றார், அப்பாவை அடக்கம் செய்த அன்றைக்குச் சாயங்காலமும் நின்றார். மண் விழுந்த கண்ணை மூடிக்கொண்டு அவர் பிடித்த பந்தைப் பற்றி ஒருவர் சொன்னால், விரல் முறிந்த கையால் அவர் தட்டிவிட்ட பந்தைப் பற்றி இன்னொருவர் சொல்லுவார், தன் கல்யாணத் தேதியை மறந்துபோன கிழவர்கூட எந்தப் பந்து எந்தப் பக்கத்தில் இருந்து வந்தது என்பதை மறக்காமல் கையை நீட்டிக் காட்டுவார்.

பிறகு அவர் ஓய்வு பெற்ற நாளைச் சொல்லுவார்கள். வலது தோள்பட்டை அடிக்கடி கழன்றுகொண்டதால் பந்தாட்டக் கமிட்டி கூடிப் பேசி, இதற்கு மேல் அவரைக் கோலில் நிறுத்தினால் பாவம் என்று முடிவு செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் கொடிமரத்தடியில் மேடை போட்டது. பங்குச் சாமியார் சால்வை போர்த்தினார், பெண்கள் செவ்வந்தி மாலை போட்டார்கள். ஊரில் எந்த ஆட்டம் நடந்தாலும் ஒலிபெருக்கியில் கத்துகிற கொர்நேலி அன்றைக்கு மைக்கைப் பிடித்து இரண்டு வார்த்தை சொல்வதற்குள் அழுதுவிட்டான். எஸ்தாக்கியைப் பேசச் சொன்னார்கள். பேசத் தெரியாத மனிதர் அவர். "நல்லா வெளயாடுங்க மக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றிப் புதிய கோலியான ரெஜினிடம் கொடுத்து, மாலையோடு நடந்து வீட்டுக்குப் போனார். திருவிழாக் கோப்பை என்று கடற்கரை ஊர்கள் எல்லாம் போட்டியிடும் கோப்பை ஒன்று மரியாந்துறை மைதானத்திலேயேதான் வருசா வருசம் நடக்கும், வருசா வருசம் அது வேறு ஊருக்குத்தான் போகும், அதை ஒரு தடவையும் தொடாமல் அவர் போகிறார் என்பதுதான் அன்றைக்கு ஊருக்கு ஆறாத குறையாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர்க்காரர்கள் ஆட வந்தார்கள். ரெஜின் நல்ல உயரம், நல்ல பிள்ளை, ஆனால் பதற்றத்தில் வலது பக்கம் பாய்ந்துவிட்டான், பந்து இடது மூலைக்குப் போனது. கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் வந்து, ஈரக் கையால் சுவரில் அறைந்ததுபோல் ஒரு சத்தம் போட்டு, அந்தரத்தில் நின்றது. ஒரு மனிதன் பந்தைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றது. பிறகு கீழே விழுந்து உருண்டு ரெஜினின் காலடிக்கு வந்தது. சுவர்மேல் உட்கார்ந்திருந்தவர்கள் எப்போதும் கத்துகிற மாதிரி "எஸ்தாக்கீ!" என்று கத்தினார்கள், கத்திய பிறகுதான் எஸ்தாக்கி அங்கே இல்லை என்பது அவர்களுக்கு ஞாபகம் வந்தது.

நடுவர் கரையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் பள்ளிக்கூடம் ஒன்றில் டிரில் மாஸ்டராக இருந்தவர். அவர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தி, கோலுக்குப் போய்க் குனிந்து பார்த்து, காற்றில் கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு, பந்து கோட்டைத் தாண்டவில்லை, தாண்டாத பந்து கோல் இல்லை, ஆடுங்கள் என்றார். அன்றைக்குப் பந்து இன்னும் பல தடவை வந்தது, ஒவ்வொரு தடவையும் நின்றது. இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறியபோது அதுவும் கூடவே மாறி, மரியாந்துறைக்காரர்கள் காக்கிற பக்கத்தைத்தான் காத்தது.

ஊர் இதை ஏற்றுக்கொள்ள ரொம்ப நாள் எடுத்துக்கொள்ளவில்லை. இத்தனை வருசம் ஒரே இடத்தில் நின்ற மனுசன், காற்றுக்கே பழகிப்போயிருக்கும் என்று டெலஸ்போர் சொன்னார், அதற்கு மேல் காரணம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. பெண்கள் கோல்கம்பத்தில் பிச்சிப்பூ சுற்றினார்கள். சாமியார் இதைப் பற்றி ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை, பிரசங்கத்தின் கடைசியில் மாதாவுக்குப் பூ வைத்த பிறகு கம்பத்துக்கு வைத்தால் நல்லது என்று மட்டும் சொன்னார். ரெஜின் கொஞ்ச நாள் பாய்ந்து பார்த்தான், பிறகு கம்பத்தில் சாய்ந்து நின்றான், பிறகு ஆட்டத்தின் நடுவே உட்கார்ந்து கால்நகம் வெட்டினான். என் பிள்ளைக்குச் சர்க்கார் உத்தியோகம் கிடைத்துவிட்டது என்று அவன் அம்மா சந்தையில் சொல்லிச் சிரித்தாள், ஆனால் பிள்ளை வீட்டில் யாரோடும் பேசுவதை நிறுத்தியிருந்தான்.

வெளியூர்க்காரர்கள் வேன் பிடித்து வர ஆரம்பித்தார்கள். ஆட்டம் இல்லாத நாளில் இரண்டு கோலும் ஊருக்குச் சொந்தம் என்பதால் இரண்டு பக்கமும் வரிசை நின்றது. ஆளுக்கு ஒரு உதை, அவ்வளவுதான். பந்து அந்தச் சத்தத்தோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, எஸ்தாக்கி என் பந்தைப் பிடித்தார் என்று கோல் போட்டவர்களைவிடச் சந்தோசமாகத் திரும்பிப் போனார்கள். கொர்நேலி ஒலிபெருக்கியில் வரிசையை ஒழுங்குபடுத்தினான். காலையில் பூசை முடிந்ததும் ஆரம்பித்தால் வெளிச்சம் மங்கும்வரை பந்து நின்றுகொண்டே இருந்தது.

எஸ்தாக்கி இதைப் பார்க்கப் போகவில்லை. கேட்டவர்களிடம் "ஆமாம்லா, சொன்னாவ" என்று மட்டும் சொல்லி வலையைப் பின்னிக்கொண்டிருந்தார். அவரோடு வள்ளத்தில் போகிறவர்கள்தான் முதலில் கவனித்தார்கள். நடுக்கடலில் தூண்டில் பிடித்து உட்கார்ந்திருப்பவர் திடீரென்று இடது பக்கம் பாய்ந்தார், கொஞ்ச நேரம் கழித்து மேலே எம்பினார், ஒரு தடவை பாய்ந்த வேகத்தில் கடலிலேயே விழுந்தார். தூக்கி வள்ளத்தில் போட்டபோது காலு வழுக்கிட்டு என்றார். வயசாகிவிட்டது, வீட்டில் இருக்கட்டும் என்று அவர்கள் மெல்ல அவரைக் கூப்பிடாமல் விட்டார்கள்.

வீட்டில் அவர் முழுக்கைச் சட்டையைக் கழற்றுவதே இல்லை. மனைவி பிரிஜித்தாள் ஒருநாள் கிணற்றடியில் அவர் தலையைத் துவட்டப் போனபோது, ஈரச் சட்டை வழியாக எதையோ பார்த்துவிட்டு, அவர் தடுக்கத் தடுக்கப் பொத்தானை அவிழ்த்தாள். நெஞ்சு, விலா, முன்கை, தோள் எல்லா இடத்திலும் வட்ட வட்டமாகக் கன்றிப்போயிருந்தது, சிலது கறுப்பு, சிலது பச்சை. புதிதாகச் சிவந்திருந்த ஒன்றில் பந்தின் தையல்கூட வரிவரியாகப் பதிந்திருந்தது.

"யாரு அடிச்சாவ?"

"யாரும் அடிக்கல."

"பின்ன இது என்னது?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார், அதற்குள் உடம்பு தூக்கிப்போட்டது, கை இரண்டும் வயிற்றை அணைத்துக்கொள்ள முன்னால் மடங்கி உட்கார்ந்தார். மைதானத்துப் பக்கம் இருந்து ஆட்கள் ஆரவாரிக்கும் சத்தம் வந்தது. பிரிஜித்தாள் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றாள். மறுபடியும் தூக்கிப்போட்டது, மறுபடியும் ஆரவாரம். அவள் துண்டைக் கீழே போடாமல், செருப்புப் போடாமல், அப்படியே நடந்து மைதானத்துக்குப் போய், வரிசையை விலக்கிக்கொண்டு கோலுக்குள் நுழைந்து, இரண்டு கம்பத்துக்கும் நடுவில் கையை விரித்து நின்றாள்.

"மதினி கோலி ஆயிட்டாவ" என்று யாரோ சொல்ல, வெளியூர்க்காரர்கள் சிரித்தார்கள்.

"நீங்க இங்க அடிக்கிற ஒவ்வொண்ணும் அங்க அவரு நெஞ்சில விழுது" என்றாள் பிரிஜித்தாள். "நம்பாதவன் வீட்டுக்கு வந்து பாருங்க. பாத்துட்டு வந்து பொறவு அடிங்க."

கொர்நேலியும் இன்னும் சிலரும் போய்ப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் திரும்பி வந்து ஒலிபெருக்கியை இறக்கினார்கள்.

இதையும் ஊர் ஏற்றுக்கொண்டது. அன்றைக்கே இரண்டு கோலுக்கும் குறுக்கே வள்ளக் கயிறு கட்டினார்கள், காவலுக்கு முறைபோட்டு ஆள் வைத்தார்கள், பந்தோடு தெருவில் போகிற பிள்ளைகளைக்கூடப் பிடித்து அதட்டினார்கள். எஸ்தாக்கியின் வீட்டுக்கு முட்டை வந்தது, நாட்டுக்கோழி வந்தது, முறிவுக்குக் கட்டுப்போடும் வைத்தியரை வெளியூரிலிருந்து காரில் கூட்டிவந்தார்கள். ஊர்ப்பெண்கள் முறைவைத்து அவருக்கு எண்ணெய் காய்ச்சினார்கள், அவர் உடம்பில் இருக்கும் வட்டங்களைப் பார்த்து அழுதார்கள், அழுதுவிட்டுப் போகும்போது ஒருத்தி இன்னொருத்தியிடம், அந்த விலாவில் இருக்கிறது என் வீட்டுக்காரர் அடித்ததாக இருக்கும், அவருக்குத்தான் அவ்வளவு வேகம் என்றாள். வட்டங்கள் மெல்ல மஞ்சளாகி மங்கின. ஆனால் எஸ்தாக்கியின் முகம் தெளியவில்லை. அவர் வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்து மைதானத்துப் பக்கமே காது வைத்திருந்தார்.

"வலி கொறஞ்சிருக்கா?" என்று பிரிஜித்தாள் கேட்டாள்.

"கொறஞ்சிட்டு."

"பின்ன ஏன் மூஞ்சிய இப்பிடி வச்சிருக்கிய?"

அவர் சொன்னார்: "பந்து வந்து விழும்போ நான் இருக்கேன்னு தெரிஞ்சிது, பிரிஜித்து. இப்ப ஒண்ணும் தெரியல." அவள் அடுப்பங்கரைக்குப் போய் அழுதாள். ஊர் அவருக்குச் செய்ததைவிட இதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

திருவிழாவுக்குக் கொடி ஏற நாள் நெருங்கியது. கமிட்டிக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள், கொர்நேலி முன்னால், அணியின் கேப்டன் தார்சியூஸ் கடைசியில். தார்சியூஸ் தடுப்பாட்டக்காரன், எஸ்தாக்கிக்கு நேர்முன்னால் நின்று அத்தனை வருசமும் ஆடியவன், அவருடைய மூச்சு எப்படி மாறினால் எந்தப் பக்கம் நகரவேண்டும் என்பது திரும்பிப் பார்க்காமலே தெரிந்தவன். அவன் உட்காராமல் கதவுப்பக்கம் நின்றான்.

"அண்ணே, திருவிழா வருது" என்றான் கொர்நேலி.

"வரட்டும்."

"இந்த வருசம் வுட்டா கோப்பை இந்த ஊருக்கு எப்பவும் வராது. ஆனா நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லுங்க, நாங்க அணி எறக்கவே மாட்டோம். மாதா மேல சத்தியம்."

எஸ்தாக்கி பதில் சொல்வதற்குள் பிரிஜித்தாள் சொன்னாள்: "அவருகிட்ட கேட்டா அவரு வேண்டாம்னா சொல்லுவாரு? வேண்டாம்னு நீங்கல்லா சொல்லணும்."

தார்சியூஸ் கதவின் கொண்டியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"வெளயாடுங்க மக்கா" என்றார் எஸ்தாக்கி. அவர் முகத்தில் பல நாளுக்குப் பிறகு ரத்தம் ஓடியது.

போட்டி தொடங்கிய அன்றைக்கு ஊரில் இருந்த மெத்தை, தலையணை, கம்பளி எல்லாவற்றையும் பெண்கள் சுமந்து வந்து எஸ்தாக்கியைச் சுற்றிக் கட்டினார்கள். முகம் மட்டும் தெரிய, பெரிய பொதியின் நடுவே அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பஞ்சு ஒன்றையும் தடுக்கவில்லை, பந்து பஞ்சுக்கு உள்ளே அல்லவா விழுந்தது. முதல் ஆட்டத்தில் தோள்பட்டை கழன்றது, வைத்தியர் பக்கத்திலேயே இருந்ததால் திருப்பிப் போட்டார். அரையிறுதியில் விலா முறிந்த சத்தம் அறையில் இருந்தவர்களுக்குக் கேட்டது, அதே நேரத்தில் மைதானத்தில் ஊரே எழுந்து நின்று அவர் பேரைச் சொல்லிக் கத்தியது. அன்றைக்கு ராச்சாப்பாட்டின்போது அவர் துப்பிய தண்ணீர் சிவப்பாக இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றால் அவர் வர மறுத்தார், இன்னும் ஒரு ஆட்டம்தானே என்றார்.

இறுதி ஆட்டம் வாவத்துறைப்பாட்டோடு. பல வருசமாகக் கோப்பையைக் கொண்டுபோகிற ஊர் அது. ஆட்டத்துக்கு முந்தின நாள் காலை பிரிஜித்தாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி அந்த ஊருக்குப் போனாள். அணியின் கேப்டன் மோயீசன் கரையில் வலையில் இருந்து மீன் கழித்துக்கொண்டிருந்தான். இவள் இன்னார் என்று சொன்னதும் எழுந்து கையைத் துடைத்தான்.

"நீங்க ஜெயிச்சிட்டுப் போங்க, தோத்துட்டுப் போங்க, எனக்கு அது வேண்டாம்" என்றாள். "கோலுக்கு மட்டும் அடிக்காதிய. இன்னும் நாலு பந்து தாங்கமாட்டாரு."

மோயீசன் சொன்னான்: "அக்கா, அவர்கிட்ட ஒரு கோல் போடணும்னு சின்னதுல இருந்து ஆசைப்பட்டவன் நான். கடைசிவர போட முடியல." பிறகு மணலில் கிடந்த மற்ற ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டான். "நாங்க அடிக்க மாட்டோம். போங்க."

ஆட்டத்தைப் பற்றி டீக்கடையில் இன்றைக்கும் கோபமாகத்தான் பேசுகிறார்கள். வாவத்துறைப்பாட்டுக்காரர்கள் பந்தை நன்றாகக் கொண்டுவந்தார்கள், தார்சியூஸைத் தாண்டினார்கள், கோல் அகலத் திறந்து கிடக்கும்போது நின்றார்கள், திரும்பினார்கள், பந்தைப் பின்னால் தட்டிவிட்டார்கள். முதலில் ஊருக்குப் புரியவில்லை. பிறகு சிரித்தார்கள். பிறகு பேடிகளா என்று கத்தினார்கள், அடிங்கலே, அடிச்சுப் பாருங்கலே என்று சுவர்மேல் ஏறி நின்று கத்தினார்கள், எங்கள் கோலியைக் கேவலப்படுத்துகிறார்கள் என்று கொர்நேலி ஒலிபெருக்கியிலேயே சொன்னான். மோயீசன் தலையைக் குனிந்துகொண்டு ஆடினான். இரண்டாம் பாதியில் ஒரு கார்னரில் இருந்து மரியாந்துறைக்கு ஒரு கோல் கிடைத்தது, அதுவே போதுமானதாக இருந்தது.

வீட்டில் எஸ்தாக்கி மெத்தைகளை வேண்டாமென்று தள்ளிவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். கையை லேசாக விரித்துக் காத்திருந்தார்.

"ஏன் ஒண்ணும் வரல?"

"அவங்களுக்கு அடிக்கத் தெரியல" என்றாள் பிரிஜித்தாள்.

"மோயீசனுக்கா தெரியாது?" அவர் சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது.

ஒலிபெருக்கியில் விசில் கேட்டது, வெடி கேட்டது, கோயில் மணி கேட்டது. கோப்பை வந்திட்டு என்று தெருவில் பிள்ளைகள் ஓடினார்கள். பிரிஜித்தாள் மண்டியிட்டு மாதாவுக்கு நன்றி சொன்னாள், பிறகு கஞ்சியை ஆற்றி அவருக்குக் கொடுத்தாள், அவர் பாதிக் கிண்ணம் குடித்தார், பல நாளுக்குப் பிறகு பாதிக் கிண்ணம்.

மைதானத்தில் வாவத்துறைப்பாட்டுக்காரர்கள் கை கொடுத்துவிட்டு வேன் ஏறிப் போய்விட்டார்கள். தார்சியூஸைத் தோளில் தூக்கி, கோப்பையை அவன் கையில் கொடுத்து, செண்டை மேளத்தோடு சுற்றிவந்தார்கள். கொர்நேலி மைக்கைப் பிடித்து அழுதுகொண்டே பேசினான். "கோப்பை வந்திட்டு. இருவது வருசம் காத்திருந்தோம், வந்திட்டு. ஆனா எங்க அண்ணன் இன்னிக்கு ஒரு பந்து புடிக்கல. இந்தக் கோப்பைய அவரு புடிச்சுத் தந்ததுன்னு நான் எப்பிடிச் சொல்லுவேன்? ஒரு பந்து அவரு புடிக்கதப் பாக்காம நான் எப்பிடி வீட்டுக்குப் போவேன்?" அவன் பந்தைக் கையில் எடுத்தான். "ஒண்ணே ஒண்ணு. மெதுவா. பிள்ளைக்குப் போடுத மாதிரி."

அவன் கோலுக்கு முன்னால் பந்தை வைத்து, மெதுவாக உதைத்தான். பந்து போய் நின்றது, அந்தச் சத்தம் கேட்டது, காற்றில் ஒரு அணைப்பு நேரம் இருந்தது, விழுந்தது. இறுதி ஆட்டம் முழுவதும் அடக்கிவைத்திருந்த கத்தல் அத்தனையும் அப்போது வெளியே வந்தது. டெலஸ்போர் தனக்கும் ஒன்று என்றார். கடையை விட்டு இறங்காத மனுசன், அவருக்கு இல்லை என்று யார் சொல்வது? அவருக்குப் பிறகு அவர் தம்பி, தம்பிக்குப் பிறகு அடுத்தவர். இது கடைசி என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள், எல்லோரும் மெதுவாகத்தான் அடித்தார்கள், கடைசியில் வந்தவர்கள் மட்டும் அவ்வளவு மெதுவாக அடிக்கவில்லை. பெண்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்து அடித்தார்கள். தோளில் இருந்த தார்சியூஸ் கோப்பையைப் பிடித்தபடி அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தான், அவன் அடிக்கவில்லை.

முதல் பந்து விழுந்ததும் எஸ்தாக்கியின் கையிலிருந்த கிண்ணம் தெறித்தது. பிரிஜித்தாள் வாசலுக்கு ஓடினாள், அவர் கூப்பிட்டார்.

"போவாத. நம்ம ஆளுவதான்."

"விடுங்க, நான் போய் நிக்கேன், நின்னா நிறுத்துவாவ."

"நீ போறதுக்குள்ள முடிஞ்சிரும். இஞ்ச இரு." அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், பிடிக்கிற கை அது, அதிலிருந்து எதுவும் விடுபட்டதில்லை. "இது கொர்நேலி. அவனுக்கு இடது காலு." அடுத்தது விழுந்தது. "டெலஸ்போரு! பாரேன், டெலஸ்போரு." அவர் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றும் விழ விழ, யாருடைய உதை என்று பேர் சொன்னார். மாமன் மகன் பேரைச் சொன்னார், வள்ளத்தில் கூட வந்தவர்கள் பேரைச் சொன்னார், எண்ணெய் காய்ச்சிக்கொண்டு வந்த பெண்களின் பேரைச் சொன்னார். பிரிஜித்தாள் அவர்மேல் குப்புறப் படுத்துக்கொண்டாள், தன் முதுகால் தடுக்கப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் படவில்லை, எல்லாம் அவளைத் தாண்டி அவரிடம் போனது, அவள் காதுக்குக் கீழே அவர் நெஞ்சுக்குள் ஒவ்வொன்றும் விழுகிற சத்தம்தான் கேட்டது. பேர்கள் மெல்ல மெல்லச் சன்னமாகின. பிறகு மணிக்கட்டில் இருந்த பிடி தளர்ந்தது.

மைதானத்தில் அடுத்த பந்து போய் வலையில் விழுந்தது. வலை உப்பியது, ஆடியது, அடங்கியது. மேளக்காரர்களுக்குத் தெரியாது, அவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அடக்கத்துக்கு அந்தக் கரை முழுவதும் வந்தது. வாவத்துறைப்பாட்டில் இருந்து மோயீசனும் அவன் ஆட்களும் வந்து கடைசி வரிசையில் நின்றுவிட்டு, யாரோடும் பேசாமல் போனார்கள். பெட்டியைக் கோயிலில் இருந்து மைதானத்துக்குக் கொண்டுவந்து சுற்றி எடுத்துப் போனார்கள், சவப்பெட்டியின் மேல் கோப்பை இருந்தது. அப்படி ஒரு ஓய்வு எந்த ஆட்டக்காரனுக்கும் கிடைத்ததில்லை என்று டீக்கடையில் சொல்லுவார்கள். கடைசியாக வலைக்குள் போன அந்தப் பந்து யாருடையது என்று கேட்டால் மட்டும் பேச்சு மாறிவிடும். தன்னுடையது பிடிபட்டது என்று எல்லோரும் சொல்லுவார்கள், சத்தியம் வேண்டுமானாலும் செய்வார்கள், பிடிபடாத பந்தை அடித்தவர் என்று ஊரில் ஒருவரும் இல்லை. டெலஸ்போர் கிளாஸ்களைக் கழுவ ஆரம்பித்துவிடுவார்.

ஆனால் எஸ்தாக்கி அடித்தவர்களின் பேர் சொன்ன விசயம் எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. ஒவ்வொருவராகப் பிரிஜித்தாளின் வீட்டுக்கு வந்தார்கள், சிலர் மீனோடு, சிலர் பிள்ளைக்குப் பேர் வைக்கிற சாக்கோடு. முற்றத்தில் நின்று வேறு எதையெதையோ பேசிவிட்டுப் போகும்போதுதான் கேட்டார்கள்.

"மதினி, என் பேரு சொன்னாரா?"

"சொன்னாரு" என்பாள் பிரிஜித்தாள். கேட்ட எல்லோருக்கும் அதே பதில்தான். வந்தவர் முகம் மலர்ந்து படியிறங்குவார். தெருமுக்குப் போவதற்குள் அந்த நடை மாறிவிடுவதை அவள் வாசலில் நின்று பார்ப்பாள். கொர்நேலி வந்தபோதும் அதையே சொன்னாள். அவன் அதற்குப் பிறகு மைக்கைத் தொடவில்லை, இன்றைக்கும் டீக்கடையில் வாயைத் திறக்காமல் மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

எல்லோருக்கும் கடைசியில், அடுத்த திருவிழாவும் முடிந்த பிறகு, தார்சியூஸ் வந்தான். ஆட்டத்தை விட்டிருந்தான், உடம்பு பாதியாகியிருந்தது. முற்றத்தில் மீன் உலர்த்திக்கொண்டிருந்த பிரிஜித்தாளுக்கு முன்னால் வந்து நின்றான்.

"நான் அடிக்கல மதினி."

"தெரியும் தம்பி."

"ஊரே அடிச்சிது. நான் ஒருத்தன் காலத் தூக்கல. அவருக்கும் அது தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சிது."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அப்ப என் பேர அவரு சொல்லியிருக்க மாட்டாரு."

பிரிஜித்தாள் கூடையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சொன்னாரு. கடைசிவர உன் பேரத்தான் சொன்னாரு. ஒவ்வொரு பந்து விழும்போதும், முன்னால நின்னு தடுக்குத தார்சியூஸ் எங்க, தார்சியூஸ் எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு."